ஆவரேஜைக் குறைத்தவள்

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் அதைச் சொன்னார். "சைக்கிள் ஓட்டுங்க சார். ரேஸ் எல்லாம் வேணாம். பேசிக்கிட்டே ஓட்டற வேகம் போதும். தனியா மட்டும் போகாதீங்க."

கூட யார் போவது? மகள் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். அங்கே உடன் வேலை செய்கிறவர்கள் கம்பெனி பஸ்ஸில் இறங்கினால் அவரவர் வீட்டுக்குப் போகிறவர்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் சைக்கிள்ல டைப் கிளாஸ் போனவளாச்சே. வாயேன்."

எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கு டயர் மாற்றி, செயின் மாற்றி எடுத்துக்கொண்டேன். அவர் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் களத்தூர் தாண்டி பாலாற்றங்கரைக்குப் போவோம். கரையை ஒட்டிப் போகும் ஊர்ச்சாலைகளுக்கு அப்போது புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். வண்டி நடமாட்டம் அதிகம் இல்லை. ஒரு பக்கம் நெல்லும் வேர்க்கடலையும். இன்னொரு பக்கம் மணலும் நாணலுமாக ஆறு. தண்ணீர் இருக்கும் இடத்தில் கொக்குகள் நிற்கும். இல்லாத இடத்தில் ஆடுகள் மேயும். நடுநடுவே மனைப்பிரிவுக்காரர்கள் நட்ட கலர் கொடிகள். டாக்டர் சொன்ன மாதிரியே பேசிக்கொண்டே போனோம்.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதுவரை எங்கள் வீட்டுப் பேச்சு, கேஸ் வந்ததா, மாத்திரை போட்டீர்களா, யார் போன் என்பதோடு முடிந்துவிடும். ஆற்றங்கரையில் அந்த மனிதர் பேசினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மிஷினில் நின்றவனுக்கு விரல் போனதையும், துண்டான விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும் ஒரு நாள் சொன்னார்.

"இத்தன வருஷமா இத ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கலியே" என்றார். சற்று தூரம் மிதித்த பிறகு, "சொன்னா அழுதுடுவேன்னு பயமா இருந்திச்சி" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்ததாகவும், நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டதாகவும் இன்னொரு நாள் சொன்னார். வல்லிபுரம் தடுப்பணைச் சுவரில் உட்கார்ந்து கொய்யாப்பழத்தைப் பாதி கடித்து என்னிடம் நீட்டினார். கல்யாணம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தானோ, எனக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததோ என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

பொங்கல் போனஸில் அவர் கியர் சைக்கிள் வாங்கினார். அதனுடன் போனில் ஒரு ஆப் வந்தது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், சராசரி எவ்வளவு என்று அது சொல்லும். அதற்குப் பிறகு அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் மாட்டிய போனைத்தான் பார்த்தார். நான் நின்று தண்ணீர் குடித்தால் அவரும் நிற்பார். ஆனால் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, மறுகாலைப் பெடலிலேயே வைத்திருப்பார்.

ஒரு நாள் சொல்லியே விட்டார். "உன்னால என் ஆவரேஜ் போவுது."

"டாக்டர் பேசிக்கினே போவச் சொன்னாருங்க."

"அது அப்போ. இப்போ நல்லா கீறேன்னு அவரே சொல்லிட்டாரு."

அடுத்த வாரம் ஆனூர்ப் பக்கம் என் பின்சக்கரத்தில் முள் ஏறியது. அவர் முன்னால் போய்விட்டிருந்தார். திரும்பி வருவார் என்று வேப்பமரத்தடியில் நின்றேன். வெயில் ஏறியது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் போய், பஞ்சர் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது அவர் குளித்து, சாப்பிட்டு, படுத்திருந்தார்.

"நீ அப்படியே வூட்டுக்குத் திரும்பிட்டன்னு நெனச்சேன்" என்றார். கோபமோ வெட்கமோ அந்தக் குரலில் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

அதன்பின் அவர் ஒரு குழுவில் சேர்ந்தார். ஞாயிறு விடியலில் மாமல்லபுரத்தில் கூடி ஈசிஆரில் போகிறவர்கள். "லேடீஸ் யாரும் வர்றதில்ல" என்று நான் கேட்காமலே சொன்னார். ஆனால் அவர் போனில் எனக்கே காட்டிய போட்டோவில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள், ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக. எனக்குத் தப்பான சந்தேகம் எதுவும் வரவில்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அண்ணனைக் கூப்பிட்டு நியாயம் கேட்டிருக்கலாம். 'என்னைவிட வேகமாக ஓட்டுகிறவர்களுடன் போகிறார்' என்று யாரிடம் போய் முறையிடுவது?

நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். முதலில் களத்தூர் வரை, பிறகு ஆறு வரை. மழைக்காலம் முடிந்து ஆற்றில் தண்ணீர் ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையோடு கரையாக வாயலூர் வரை போவது என்று முடிவு செய்தேன். பாலாறு கடலில் சேரும் இடத்தை நான் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் நின்று நின்று போனேன். எடையாத்தூரில் இட்லி சாப்பிட்டேன். சவுக்குத்தோப்புகள் வந்ததும் காற்றில் உப்பு தெரிந்தது. முகத்துவாரத்தில் பழுப்பு நிற ஆற்றுத் தண்ணீர் நீலத்துக்குள் ஒரு நாக்கு மாதிரி நீண்டுகொண்டே போனது. கால் நனைத்து நின்றபோது அவரை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

திருக்கழுக்குன்றம் வழியாக வீடு திரும்புவதற்காகச் சதுரங்கப்பட்டினம் கூட்டுரோட்டுக்கு வந்து, டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினேன். சுடிதாருக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையில் ஈரத் துண்டு. காலெல்லாம் மணல்.

அப்போது அந்தக் குழு வந்தது. ஏழெட்டு சைக்கிள்கள் டக் டக்கென்று கடை முன்னால் நின்றன. நடுவில் அவர், மஞ்சள் பனியனில். என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

அவர்களில் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும், என் சைக்கிளைக் காட்டிக் கேட்டாள்: "ஆன்ட்டி, இதுலயா வந்தீங்க? எங்கேர்ந்து?"

"செங்கல்பட்டு. ஆத்தோரமா வாயலூர் போயிட்டு வரேன்."

"செம ஆன்ட்டி!" என்றவள், திரும்பி என் கணவரைக் கூப்பிட்டாள். "சார், உங்க ஊராம் இவங்க!"

நான் டீ கிளாஸைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர்தான் சொல்ல வேண்டும். நான் ஏன் சொல்ல வேண்டும்?

"அப்படியா" என்றார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "கிளம்பலாமா? வெயில் ஏறிடும்."

அவர்கள் போனார்கள். அந்தப் பெண் மட்டும் திரும்பிக் கையாட்டினாள். கடைக்கார அம்மா, "இன்னாக்கா, டீ ஆறிகினு கீது பாரு" என்றாள். குடித்தேன். அங்கிருந்து வீடு வரை எப்படி மிதித்தேன் என்று நினைவில்லை. திருக்கழுக்குன்றத்தில் மலையைச் சுற்றி வந்த கூட்டத்துக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் அவரே ஆரம்பித்தார். "அந்தக் கோலத்துல நின்னுகினு இருந்தா நான் இன்னான்னு சொல்றது?"

"பொண்டாட்டின்னு சொல்றது."

"சும்மா பேஜார் பண்ணாத. பசிக்குது, இன்னா கீது?"

"தெரியாதவங்க வூட்ல நான் எதுக்குச் சமைக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் ஓட்டலில் பிரியாணி வாங்கி வந்தார். எனக்கும் ஒரு பொட்டலம் மேஜைமேல் வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா, சாவு வரைக்கும் போயிட்டு வந்த மனுஷன். அவருக்கு ஒரு சந்தோஷம். விடேன்" என்றாள். அவருக்கு ஒரு சந்தோஷம் என்றால் எனக்கு என்ன என்று அவள் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

அடுத்த கோடையில் அவருக்கு முழங்கால் வீங்கியது. குழுவிலிருந்து சில வாரம் 'சீக்கிரம் வாங்க சார்' என்று மெசேஜ் வந்தது; பிறகு அதுவும் நின்றது. கியர் சைக்கிளைப் போர்வை போட்டு மூடிவைத்தார். தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் ஆற்றங்கரைக்குக் கிளம்ப டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"முட்டி இப்போ பரவால்ல. நானும் வரட்டுமா? மெதுவாவே போலாம்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனோம். அவர் கைப்பிடியில் போன் இல்லை. ஆற்றில் வெள்ளம் வடிந்து நாணல் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார். தொழிற்சாலையில் புதிதாக வந்த ரோபோ, ஓசூருக்குப் போவது, தன் பயம், தூக்கம் வராதது எல்லாம். ஒரு காலத்தில் எதற்காக ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்கினேனோ அந்தப் பேச்சுதான். வக்கீல் ஆபீசுக்கு வரும் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது மாதிரி, ஆமாங்க, அப்படிங்களா என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் அவருக்கு வேறு ஆள் கிடைக்காததால் கிடைத்தது என்று தெரிந்துபோன பிறகு, அதே பேச்சைக் கேட்பது எவ்வளவு களைப்பாக இருக்கிறது!

தடுப்பணை தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்தினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா, ஒண்ணும் பேச மாட்டேன்ற? நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?"

நிஜமாகவே கேட்டார். அந்த டீக்கடை அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எதிர்க்காத்து அடிக்குது. மிதிங்க."