திருமயத்தில் பர்மாப் படங்கள்

1965, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். கையில் திருமயத்துக் கண்காட்சிக்காக, செய்தித்தாளில் சுற்றிய ஒரு வண்ணப்படம். நான் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் வரைபவன். பிறந்தது பர்மாவில். படிப்பதற்காக என்னைச் சின்ன வயதிலேயே இங்கே அனுப்பிவிட்டார்கள். அக்கா பார்வதி மட்டும் மாந்தலேயில் பால் வியாபாரம் செய்யும் கணவரோடு தங்கிவிட்டாள். ஓராண்டுக்கு மேலாக அவளிடமிருந்து கடிதம் இல்லை.

கீரனூர் தாண்டியதும் நார்த்தாமலைப் பாறைகள் இளவெயிலில் தெரிந்தன. கையிலிருப்பது என்ன என்று கண்டக்டர் விசாரித்தார். பர்மாவைப் பற்றிய படம் என்றதும், தன் சித்தப்பா குடும்பமும் அங்கே எல்லாவற்றையும் சர்க்காரிடம் பறிகொடுத்து, போன வருஷம் கட்டிய துணியோடு கப்பலில் வந்து இறங்கியது என்றார். படத்தை வாங்கி, கூட்டத்தில் நசுங்காதபடி டிரைவர் பக்கத்தில் வைத்தார்.

புதுக்கோட்டையில் காரைக்குடி பஸ்ஸுக்கு மாறினேன். அங்கிருந்து திருமயம் பன்னிரண்டு மைல். கோட்டை கண்ணில் பட்டபோது மணி பத்து.

கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தவர் சுப்பையா. ரங்கூனில் சினிமா போர்டு எழுதியவர். பர்மாவிலிருந்து திரும்பியவர்களை, கஷ்ட காலத்தில் தங்களைத் தாங்கி நிறுத்தியது எதுவோ அதைப் படமாக்கித் தரச் சொல்லியிருந்தார். பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டின் கூடத்தைக் கேட்டு வாங்கி, கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். சமையல்காரர் ஒருவர் அகதி முகாமில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சிய அண்டாவைக் கரியால் வரைந்திருந்தார். ஜவுளி வியாபாரி ஒருவர் கப்பல் தளத்தில் தன்னோடு படுத்திருந்தவர்களின் முகங்களை வரைந்திருந்தார். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. நான் கொண்டுபோனது அக்காவின் வீடு: வாசலில் இரண்டு பசு, பின்னால் மாந்தலேக் கோட்டையின் அகழி.

என் படத்துக்கு அடுத்து ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஒரு மளிகைக்கடையும் புளியமரமும் தைக்கப்பட்டிருந்தன. தைத்தவர் அழகம்மை, பக்கத்துக் கிராமத்துக்காரர். பிள்ளைகளோடு அவர் முதலில் வந்துவிட்டார். கணவர் கருப்பையாவுக்கு நாடு திரும்பும் பேப்பர் வரவில்லை, கடை இருந்த பெகு ஊரிலேயே நின்றுவிட்டார்.

பகல் மூன்று மணி இருக்கும். கைலி கட்டிய ஒருவர் அந்தத் துணியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பெயர் சோமு, போன கப்பலில் வந்தவராம்.

"இது பெகுல கருப்பையாண்ணன் கடைல்ல?" என்றார் என்னிடம்.

சுப்பையா ஓடிப்போய் அழகம்மையை அழைத்துவந்தார். கடையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதையும், கருப்பையா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் மற்றவர்களோடு இருப்பதையும், மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு தேறியதையும் சோமு சொன்னார். அழகம்மை தூணைப் பிடித்தபடி கேட்டார்.

"மெலிஞ்சிட்டாங்களா?"

"மெலிஞ்சுதான் இருக்காங்க, பொய் சொல்லமாட்டேன். நான் கெளம்புறப்ப, எங்க வீட்டு ஆளுகளப் பாத்தா நான் வாரேன்னு சொல்லுப்பான்னாங்க. எந்த ஊருன்னு கேக்கறதுக்குள்ள லாரிய எடுத்துட்டான். யார்ட்டப் போய்ச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேங்க."

அழகம்மை துணியருகே போய், நூலால் தைத்த கதவைத் தடவினார். அழுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து சோமுவின் எதிரே உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் முதலிலிருந்து சொன்னார்.

பிறகு சோமுவிடம் மாந்தலே பற்றிக் கேட்டேன். அந்தப் பக்கமே போனதில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். சாயங்காலம் வரை என் படத்தின் அருகிலேயே நின்றேன். வந்தவர்கள் பசுக்களைப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், நகர்ந்தார்கள்.

ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, படத்தைத் திருப்பி எடுத்துப்போக மனம் வரவில்லை. கண்காட்சி முடிந்தாலும் எங்காவது நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாட்டிவைக்கச் சொன்னேன். சுப்பையா தூரிகையைக் கொடுத்தார். படத்தின் கீழே அக்காவின் பெயரையும் தெருவையும் என் விலாசத்தையும் எழுதினேன்.

திருச்சி எல்லையில் மலைக்கோட்டை விளக்கு தெரிந்ததும் பயணிகள் மூட்டைகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கத் தயாரானார்கள். எனக்கும் இங்கே வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆனாலும் என் மனம் திருமயத்துக் கூடத்திலேயே, அக்கா வீட்டு வாசலைத் தெரிந்த ஒருவர் வந்து நிற்கமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது.