சொளகில் கொட்டிய மாத்திரை

வலி வருவதற்கு முன்னால் பயம் வந்துவிடும். கால் எலும்புக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. அது வந்ததும் நான் அண்ணனைப் பார்ப்பேன். அவனுக்கு வந்தால் என்னைப் பார்ப்பான். இருவருக்கும் ஒரே நோய். பிறவியிலேயே ரத்தத்தில் இருப்பது.

மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். மற்றவர்களுக்கு வட்டமாக இருக்கிற ரத்த அணு எங்களுக்கு வளைந்து போய், சின்னக் குழாய்களில் மாட்டிக்கொள்ளுமாம். மாட்டிய இடத்தில் வலி. அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, கதிர் அறுக்குற பன்னருவா மாதிரியில்ல இருக்கு என்றார். நோய்க்குப் பெயரே அதுதான் என்றார் டாக்டரம்மா. அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று கட்டி வைத்தார்கள். சொந்தத்தோடு இதுவும் விட்டுப் போகாமல் வந்தது.

எங்கள் ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம். ராத்திரி பகல் என்றில்லாமல் வலி வந்தால் ஆட்டோவில் அருப்புக்கோட்டை, அங்கிருந்து மதுரை. குழியில் வண்டி தூக்கிப் போடும்போது அண்ணன் கத்தமாட்டான். உதட்டைக் கடித்துக்கொள்வான். அந்த உதட்டைப் பார்த்து நான் கத்துவேன்.

எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று இருக்கும்போது புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. தெரியாமல் கொடுத்தால்தான் மருந்து கேட்கிறதா என்று சரியாகத் தெரியும். பழைய வைத்தியம் நிற்காது. பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். என்னிடமும் சம்மதம் கேட்டார்கள். ஊசியா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். சரி என்றேன்.

ஆளுக்கு ஒரு டப்பா. எடைக்குத் தக்கபடி மருந்து, ஒருவர் டப்பாவை மற்றவர் தொடக் கூடாது என்றார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் மாவு என்ற சொல்லோடு அவருடைய காது அடைத்துப்போனது.

அது விதைப்புக் காலம். மறுநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து சொளகில் கம்பையும் பாசிப்பயறையும் கலந்துகொண்டிருந்தார். எங்கள் காட்டில் ஒரே விதையைப் போடமாட்டார்கள். மழை கூடினால் ஒன்று போகும், குறைந்தால் ஒன்று போகும். எது மிஞ்சினாலும் வீடு கஞ்சி குடிக்கும். கை சட்டென்று நின்றது. விதையைச் சாக்கில் தட்டிவிட்டு, சொளகைத் துடைத்து, உள்ளே போய் இரண்டு டப்பாவையும் எடுத்து வந்து கொட்டினார்.

"தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகளே," என்றாள் அம்மா.

"ஒத்த வெதையப் போட்டுட்டு வானத்தப் பாக்கச் சொல்றியா? ஒரு பிள்ள எந்திரிச்சு, ஒரு பிள்ள கெடக்கணுமா? கலந்துட்டா ரெண்டுக்கும் பாதியாச்சும் போகும்ல."

அப்பா சொளகை இரண்டு தரம் புடைக்கிற மாதிரி ஆட்டினார். பிறகு ஆளுக்குப் பாதியாக டப்பாவில் அள்ளிப் போட்டார். வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். எங்களுக்கு யாரிடம் சொல்ல என்றே தெரியாது.

அடுத்த மாதம் அண்ணனுக்கு வலி வந்தது. அவன் எழுந்த கையோடு எனக்குக் காய்ச்சல். வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் இறங்கிவிட்டன என்று என்னைத் தனி அறையில் போட்டார்கள். முகத்தில் துணி கட்டியவர்கள் வந்து வந்து போனார்கள். யாருக்கும் முகமில்லை. அதுதான் பெரிய பயம்.

டாக்டரம்மா குனிந்து, உன் டப்பா மாத்திரை மட்டும்தானே சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"கலந்துட்டேன் தாயி," என்றார் அப்பா.

டாக்டரம்மா வையவில்லை. வைதிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அவன் எடை என்ன, இவ எடை என்னங்கய்யா?"

அவ்வளவுதான் கேட்டார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் தின்றது எது என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்று, யாருக்கு எந்த மாத்திரை என்று மூடி வைத்த விவரத்தைத் திறக்கச் சொல்லிப் போன் போட்டார். பிறகு அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அப்பா என் கட்டில் பக்கம் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

என் டப்பாவில் இருந்தது மாவு. அண்ணன் டப்பாவில் இருந்தது மருந்து. இரண்டு தரம் ஆட்டியதில் சரியாகக் கலக்காமல், மருந்து என் பக்கம் கூடுதலாக விழுந்திருக்கிறது. அவன் எடைக்கு அளந்ததை நான் தின்று படுத்தேன். அவன் பங்கில் பாதிக்கு மேல் குறைந்தது. கலக்காமல் விட்டிருந்தால் அவனுக்கு அந்த வலி வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அம்மா என்னிடம் சொன்னது எனக்குக் கல்யாணமான பிறகு. அப்பா கடைசி வரை சொல்லவில்லை.

புண் ஆறி, அணுக்கள் ஏறி, வீட்டுக்கு விட்டார்கள். சோதனையிலிருந்து எங்கள் இருவரையும் எடுத்துவிட்டார்கள். பழைய மருந்து கொடுத்தனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா ஒரு பன் வாங்கினார். எப்போதும் போல இரண்டாகப் பிட்டார். கைக்கு ஒரு பாதியாக வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார். அருப்புக்கோட்டை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் கை நீட்டினான். அப்பா கொடுக்கவில்லை. இந்தக் கையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். பன்னை வாங்கிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் ஒருவர் ஏன் இப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பசி. எட்டிப் பெரிய பாதியைப் பிடுங்கிக்கொண்டேன்.