சர்வரில் செருகிய கார்டு

நெட்வொர்க்கை வேகப்படுத்துவது என் தொழில். அது ஒழுங்காக ஓடும்வரை என் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. ஐ.டி.யில் அவதிப்படும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முன்பெல்லாம் நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் என்றால் தனிப் பெட்டி. இப்போது சாதாரண சர்வரில் ஓடும் வெறும் சாஃப்ட்வேர். வசதிதான், ஆனால் மந்தம். அந்த மந்தத்தைப் போக்கத்தான் கேளம்பாக்கம் ஆபீசில் நானும் தயாளனும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

டெமோ

தயாளன் சாஃப்ட்வேரையே பிழிந்து பிழிந்து வேகம் எடுப்பவன். எனக்கு வந்த வேலை வேறு: ஆக்ஸிலரேட்டர் கார்டு ஒன்றை சர்வரில் செருகி, ப்ராசஸரின் சுமையை அதன் தலையில் கட்டுவது. கட்டினேன். டெமோவில் வேகம் எகிறியது. வாடிக்கையாளரான தொலைபேசிக் கம்பெனியின் அதிகாரி தயாளனைத் திரும்பிப் பார்த்துவிட்டு எங்கள் மேனேஜரிடம் கேட்டார்.

"அப்போ இத்தனை நாளா இவர் என்ன சார் பண்ணிட்டிருந்தாரு?"

மீட்டிங்

தயாளன் கோபப்படவில்லை. "சார், இப்போ சர்வர் படுத்தா சாஃப்ட்வேர் தானா வேற சர்வருக்குப் போயிடும். கார்டோட கட்டிட்டா போகாது. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு லைவ் போலாம்" என்றான். அவன் சொல்வது சரி என்று நானும் சொன்னேன். மேனேஜர் லேப்டாப்பை மூடினார்.

"நெகட்டிவா பேசாதீங்கப்பா, கஸ்டமர் ஹாப்பியா இருக்காரு."

கேப்

சில வாரங்களில் ஹெச்.ஆர். தயாளனைக் கூப்பிட்டது. அவன் வேலையைக் கார்டே செய்துவிடுகிறதாம். சாயங்காலம் கம்பெனி கேபில் இருவரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். கார்டைச் செருகியவன் நான். அவன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. ஊரப்பாக்கத்தில் வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டான்.

"நாளைக்கும் இதே மாதிரி கிளம்புவேன் மச்சான், வீட்ல கேட்டா உளறிடாத."

சர்வர் படுத்த மதியம்

அவன் சொன்னதே நடந்தது. சர்வர் செத்தது, ஃபயர்வால் நகரவில்லை, தொலைபேசிக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் நெட் இல்லாமல் கத்தினார்கள். வேறு சர்வரில் கையால் எழுப்பப் பார்த்தேன். தயாளன் போட்டிருந்த செட்டிங் பிடிபடவில்லை. மேனேஜர் சொல்லித்தான் அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். பின்னால் ரயில் அறிவிப்பு. பகலெல்லாம் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் எல்லாவற்றையும் சொன்னான். நெட் வந்தது. மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பையன்ப்பா, எங்கயாவது சீக்கிரம் செட் ஆயிடுவான்."

இப்போது இன்னும் வேகமான கார்டு ஒன்று என் மேஜைக்கு வந்திருக்கிறது. பக்கத்து சீட் காலி என்பதால், இது யார் வேலையைச் செய்யப்போகிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை.