கோழிக்கூட்டுக்குக் கல் வைத்தது

நாய்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சபை ஆராதனைக்குப் போயிருந்தார்கள். நான் கணவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கொத்தனார். மூன்று வருடத்துக்கு முன் காரோடு ஊரில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்தார். அதன்பின் இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

அவர் என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொள்வார். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கி, திருப்பி, உட்கார வைப்பேன். பாதியில் விட முடியாது. அந்தப் பாதியில்தான் கோழிகள் அலறின.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான்கு நாய்கள். மரச்சீனிச் செடி மூட்டுக்குள் ஓடிய சிவப்புப் பெட்டையை ஒன்று கவ்விக்கொண்டு வந்தது. என் கை தளர்ந்தது. ஒரு நொடிதான். அவர் கை என் கழுத்தில் இறுகியதை வைத்து, அவருக்கும் அது தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அவரை உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒன்பது பெட்டையும் சேவலும் போய்விட்டன. பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் உட்கார்ந்திருந்தது. செத்தவற்றைத் தென்னை மூட்டில் குழி வெட்டிப் புதைத்தேன்.

"என்னைக் கீழ போட்டிட்டு ஓடியிருக்கலாமே நீ" என்றார் அவர், மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது.

அப்படித்தான் நினைத்தேன் என்பதை எப்படிச் சொல்வது? அமரவிளையில் தையல் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். அவர் விழுந்ததும் அதை விட்டேன். வீட்டைவிட்டு இறங்காமல் செய்ய முடிந்த, எனக்கென்று இருந்த ஒரே வேலை கோழி வளர்ப்பு. இரண்டு நாள் அவரிடம் பேசாமலே குளிப்பாட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன்.

அடுத்த மாதம் கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. சேவல் இல்லாமல் அது இட்ட முட்டை பொரியாது. ஆனாலும் வெறும் கூடையை விட்டு எழுந்திருக்காது. தூக்கி வெளியே விட்டால் திரும்ப வந்து உட்காரும். சபையில் எனக்குப் பழக்கமான ஒரு பெண் ஒரு துணியில் பத்து முட்டை பொதிந்து கொண்டுவந்தாள்.

"அக்கா, இது சேவலு நிக்கிய வீட்டு முட்டையாக்கும். வச்சுப் பாருங்க. பட்டி வந்து கோழியெல்லாம் கடிச்ச அண்ணைக்கு நாங்க யாரும் இங்க இல்லாமப் போயிற்றோமே."

பத்தில் ஏழு பொரித்தன. அவர் குஞ்சுகளின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, தன்னை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

"மரக்கூடு வேண்டாம். கல்லு வச்சுக் கெட்டணும்" என்றார்.

"யாரு கெட்டியது?"

"நீதான். நான் சொல்லித் தாறேன்."

பத்து நாள் பிடித்தது. மாமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் மண் வெட்டினேன், சிமென்ட் குழைத்தேன்.

"எடி, மேலாப்ல வச்சா பட்டி தோண்டி உள்ள கேறும். மண்ணுக்குள்ள ரெண்டு வரி கல்லு போடு."

போட்டேன். நூலைப் பிடித்துப் பார்த்தார்.

"மட்டம் போயாச்சு. இளக்கி மாத்து."

வெயில் உச்சியில் நின்றது. கை முழுக்கச் சிமென்ட் அரித்திருந்தது. "அப்ப நீங்களே வந்து வையுங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் நூலை மடியில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்துவிட்டு, "வைக்கத்தான் கொதியும் ஆசையும்" என்றார். நான் அந்த வரியை இளக்கி மாற்றினேன்.

கூடு நன்றாக வந்தது. மேலே கம்பிவலை, இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு. நாய்கள் பிறகும் வந்தன. சுற்றி மோந்துவிட்டுப் போயின. குஞ்சுகளில் ஐந்து பெட்டை, இரண்டு சேவல். பெட்டைகள் இப்போது முட்டை இடுகின்றன. ஆனால் அவற்றைத் திறந்துவிட அவர் சம்மதிப்பதில்லை. நான் கம்புடன் காவலிருந்தால் மட்டும் சாயங்காலம் ஒரு மணிநேரம் விடலாம். முன்பு கோழிகள் தாமே மேய்ந்து தாமே அடைந்தன. இப்போது அவற்றுக்கும் நான் வேண்டும். காலையில் அவர், மத்தியானம் அவர், சாயங்காலம் கோழிகள், பிறகு மறுபடியும் அவர்.

போன வாரம் அவர் மத்தியானம் தூங்கியபோது கூட்டைப் பூட்டினேன், வீட்டுக் கதவையும் பூட்டினேன், சாவியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். வெள்ளறடை பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன், பஸ் போயிற்று. கடையில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் விழித்திருந்தார்.

"எங்க போன?"

"சும்மா. ரோடு வரைக்கும்."

"கதவைப் பூட்டுனியா?"

"பூட்டுனேன்."

எழுந்து உட்காரக் கையை நீட்டினார். நான் குனிந்து கழுத்தைக் கொடுத்தேன்.