கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எண்

கம்ப்யூட்டர் கடையில் அவனை எல்லோரும் ஐடியா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அலுவலகங்களுக்கு விற்கும் கம்ப்யூட்டர் நம்பகமானது என்று ஊரை நம்பவைப்பது அவன் வேலை. அதற்காக அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் தானே ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். பெட்டி தாங்கியது, பார்த்தவர்கள்தான் சிரித்தார்கள். அடுத்து 'லீவு கேட்காத ஊழியர்' என்று நோட்டீஸ் அடித்தான். கொண்டுபோய்க் கொடுத்த இடத்திலெல்லாம் ஊழியர்களே கிழித்துப் போட்டார்கள். மூன்றாவதும் சொதப்பினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, எங்கே போய் வேலை பார்ப்பது?

மூன்றாவதாக, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பக்கத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டான். 'நிற்காமல் ஓடும் நாள்' என்று எழுதி, கீழே எண். தினமும் கடை திறந்ததும் எண்ணை மாற்றுவான்.

தொண்ணூற்றேழாம் நாள் காலை திரை இருண்டு கிடந்தது. கருகிய வாடை.

முதலாளி வந்து பார்த்தார். "பெட்டிய மாத்து. நம்பர் அப்படியே போகட்டும்."

மாற்றினான். பிறகு இன்னும் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. முதல் முறைதான் யாராவது பார்க்கிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தான்.

அடுத்த சந்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே ரிசப்ஷனில் இருந்த பெண் வேலைக்குப் போகும் வழியில் கண்ணாடி முன் நின்று எண்ணைப் படித்துவிட்டுப் போவாள். நிலையத்து டாக்டர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பியபோது, "அந்தக் கடையில வாங்குங்க சார், தினமும் கண்ணால பாக்குறேன்" என்றாள். ஆறு வாங்கினார்கள். அந்த விற்பனையில்தான் ஐடியாவின் வேலை தப்பியது.

ஒரு திங்கட்கிழமை அந்த ஆறில் இரண்டு அடுத்தடுத்து நின்றன. நாற்பது பேரின் பரிசோதனை முடிவுகள் போயின. மறுபடி ரத்தம் கொடுக்க ஒவ்வொருவரையும் போனில் அழைத்தவள் அவள்தான். ஒரு வீட்டில் மகன் எடுத்து, அப்பா நேற்று இறந்துவிட்டார் என்றான். வாங்கச் சொன்னவள் தலையில் எல்லாம் விடிந்தது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அவள் நேராகக் கடைக்கு வந்தாள்.

"சார், இந்த மெஷின் எப்பவாவது நின்னுருக்கா? நின்னுருந்தா, நானும் நம்பி ஏமாந்தவதான்னு எங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கமிஷன் வாங்கிட்டு சொன்னேன்னு நெனைக்கிறார். வேலை போனாப் போகட்டும், அந்தக் கெட்ட பேரு வேணாம்."

முதலாளி அறையின் கதவு திறந்திருந்தது. உண்மை ஐடியாவின் நாக்கு நுனி வரை வந்தது.

"நின்னதே இல்லம்மா" என்றான். அதோடு விட்டிருக்கலாம், பாவி. "உங்க பக்கம்தான் யாராவது தப்பா அணைச்சிருப்பீங்க."

அவள் சண்டை போடவில்லை. அட்டையைப் பார்த்தாள்.

"நானூத்திரெண்டு" என்று படித்தாள். "நேத்து நானூத்தியொண்ணு. ஒருநாள்கூடப் பாக்காம போனதில்ல சார்."

மறுநாள் நானூற்று மூன்றைத் தொங்கவிட்டுவிட்டு ஐடியா கண்ணாடி அருகிலேயே நின்றான். அவள் வருகிற நேரம் வந்து, போனது. போனில் பேசியபடியும் பையைத் தூக்கியபடியும் தெருவில் எத்தனையோ பேர் போனார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பத்து மணி வரை நின்று பார்த்தான். அந்த எண்ணை ஊரில் படித்தது அவள் ஒருத்திதான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"நம்பர் மாத்தியாச்சா?" என்று முதலாளி உள்ளேயிருந்து கேட்டார்.

"மாத்திட்டேன் சார்."