பாதியில் நிறுத்தப்பட்ட இசை

அயனம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழா. நான்கே சுரங்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, கேட்பவர் அறியாமலே மெல்ல மாற்றிக்கொண்டு போகும் இசை என்னுடையது. அதைக் கீபோர்டில் வாசிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் சங்கச் செயலாளர் மேடையேறி ஒயரைப் பிடுங்கினார்.

“இன்னாம்மா, மிஷின் மாட்டிக்கிச்சா? ஒரே எடத்துல சுத்திகினு கீது!”

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் என் கணவரும் சிரித்தார்.

“ஒயரை மாட்டுங்க சார். முதல்லேர்ந்து வாசிக்கப்போறேன்” என்றேன்.

“விடும்மா, தமாஷுக்குத்தானே சொன்னாரு” என்றார் கணவர்.

நானே ஒயரைச் செருகி, முழுவதும் வாசித்து முடித்தேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

செயலாளர் மீது இப்போது கோபமில்லை. அவர் அந்த இசையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். மாதக்கணக்காகப் பக்கத்து அறையிலிருந்து கேட்டவர் சிரித்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.