வாசலில் வைத்த உருளி

இரண்டு வருடம் ஆகப்போகிறது. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில், மழை விட்டு வெயில் தலைகாட்ட ஆரம்பித்த சமயம். வீட்டுக்கு அப்போதுதான் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தேன். வாசலில் ஒரு பெரிய பித்தளை உருளியை வைத்து, தண்ணீர் நிரப்பி, சாமந்தியும் ரோஜா இதழும் மிதக்க விட்டிருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

நான் மாடியில் இருக்கிறேன். கீழ் வீட்டில் ஒரு இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். அவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஷிஃப்ட் வேலை. அவள் டீச்சர். ஆறு வருடம் மாத்திரை, ஊசி என்று அலைந்த பிறகு அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. அதனால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். உருளிக்குப் பூ மாற்றுவதை அவளாகவே எடுத்துக்கொண்டாள். பழைய பூவை எடுத்துப் புதுப் பூ போடுவாள். தண்ணீர் குறைந்தால் நான் ஒரு சொம்பு ஊற்றுவேன். அடியோடு கொட்டிக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க ஒரு அம்மா வருவார். தொட்டி, ட்ரம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போகும்போது சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போவார். அந்தத் தேதிதான் எனக்கு ஆகாது. என் புதுச் சுவரில் கிறுக்கலா? கேட்டைத் திறக்காமலே, “எங்க வூட்ல கொசுவே கிடையாது, போம்மா” என்றேன்.

அவர் கேட்டுக்கு வெளியே நின்றபடியே உருளியைப் பார்த்தார். “வாரத்துக்கு ஒரு தபா அதைக் கொட்டித் தேச்சுக் கழுவிடுங்கம்மா. நல்ல தண்ணியிலதான் இந்தக் கொசு முட்டை வைக்கும்.”

“லட்சுமிகரமா வச்சிருக்கேன், அதைப் போய்க் கொட்டச் சொல்றியா? உன் வேலையைப் பாத்துக்கினு போ.” தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். என் வாய் அப்படி. மறுமுறை வந்தபோது அவர் கேட்டைக்கூடத் தட்டவில்லை.

அடுத்த சில வாரத்தில் கீழ் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு நாள் லேசான காய்ச்சல். கண் சிவந்திருந்தது, கை முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. “உடம்பு சூடு, இளநீர் குடி. இதுக்கெல்லாமா டாக்டர்?” என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிவிட்டது.

மூன்றாம் மாத ஸ்கேனுக்கு அவளுடன் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நடுவில் காய்ச்சல் வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். அவள் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“ஜிகாவா இருக்கலாம், கொசு கடிச்சு வர்ற வைரஸ். தாய்க்கு இது பெருசா ஒண்ணும் பண்ணாது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையோட மூளை வளர்ற செல்லைக் கெடுக்கும். மூளை வளரலைன்னா தலையும் வளராது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆகாது. ஆனா பாத்துக்கிட்டே இருக்கணும். காய்ச்சல் வந்தப்பவே வந்திருந்தா டெஸ்ட்ல தெளிவாத் தெரிஞ்சிருக்கும். வீட்ல எங்கயாவது தண்ணி தேங்கியிருக்கா?”

“இல்லை” என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உருளியில் பூவை விலக்கிப் பார்த்தேன். விளிம்பில் இருந்து அடிவரை குட்டிக் குட்டியாகப் புழுக்கள் நெளிந்தன. அப்படியே வெயிலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் கை வலிக்கத் தேய்த்தேன். தேய்த்து என்ன புண்ணியம்?

அன்றைக்கு எடுத்த ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்தது. ஜிகா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டெங்கு வந்து போயிருந்தாலும் இப்படிக் காட்டுமாம். அதனால் மாதாமாதம் ஸ்கேன். ஷேர் ஆட்டோ, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல், டோக்கன், பெஞ்சில் மூன்று மணி நேரம். உள்ளே போனால் தலைச் சுற்றளவு எத்தனை என்று அளப்பார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் வாயைத் திறக்கும் வரை எனக்கு உயிரே இருக்காது. “இந்த மாசம் சரியா இருக்கு” என்பார். அடுத்த மாதத்துக்கான பயத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவோம். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது. வளைகாப்பு அன்றைக்கும் அவள் கையில் வளையல் போடும்போது என் கண் அவள் வயிற்றின் மேல்தான் இருந்தது.

எட்டாம் மாதம், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. கொசுப்புழு அம்மாவை விரட்டியது, உருளியில் பார்த்தது, டாக்டரிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் திட்டுவாள், வீட்டைக் காலி செய்வாள் என்று நினைத்தேன்.

அவள் டோக்கனை இரண்டாக மடித்தாள். “புழுவை நான் முன்னாடியே பாத்தேன்க்கா, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே. தண்ணியைக் கொட்டிடலாம்னுதான் நெனச்சேன். நீங்க அந்த அம்மாவைத் திட்டினப்ப நான் ஜன்னல்லதான் நின்னுட்டு இருந்தேன். ஹவுஸ் ஓனர் சாமான், நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.”

நம்பர் கூப்பிட்டார்கள், எழுந்து போனோம்.

பெண் குழந்தை பிறந்தது. தலை சரியாக இருந்தது. கண், காது, நடை, பேச்சு என்று இன்னமும் அவ்வப்போது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். வந்தது அந்த நோய்தானா, கடித்தது என் உருளிக் கொசுதானா, யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவேண்டாம்.

உருளி இப்போது பரணில் கவிழ்ந்து கிடக்கிறது. கேட் பூட்டுவதில்லை. என் சுவர் முழுக்க சாக்பீஸ் தேதிகள், ஒன்றையும் நான் துடைப்பதில்லை. ஆனால் கொசுவை விட எனக்குப் பயந்துதான் ஒரு வாயும் வயிறுமான பெண் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் விட்டாள் என்பதை, எதைத் தேய்த்தாலும் என்னால் கழுவ முடியவில்லை.